சகனில் நான்காவது கை

1

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கை கழுவ வேண்டும். வாயும் கொப்பளிக்க வேண்டும். சலாம் சொல்வது, நலம் விசாரிப்பது, பிள்ளையை இழுத்து முத்தமிடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதற்கென்றே வாசலில் தண்ணீர்ப் பானையும் சோப்பும் வைத்திருக்கிறோம்.

காரைக்காலிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மச்சான் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னாங்க மச்சான் இது? மய்யித்து வூட்டுல எழவுக்குப் போயிட்டு வந்தவனாட்டம் வாசல்லயே நிறுத்தி வெச்சு கழுவச் சொல்றீங்க?"

"கழுவுங்க, சொல்றேன்."

"சொன்னாத்தான் கழுவுவேன்."

"அப்ப அங்கனயே நில்லுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

விஷயம் இதுதான். என் மகன் யூசுபுக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் சொறி வரும், வயிறு வலிக்கும் என்கிற கதை இல்லை. இறால் தின்ற வாயால் யாராவது அவன் கன்னத்தில் முத்தமிட்டால் அந்த இடம் தடித்துப்போகும். ஒரு துணுக்கு உள்ளே போனால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிடும். கடலோரத்து ஊர்க்காரனுக்கு அல்லாஹ் இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்து, அவனை வளர்க்க சைகோன் மாதிரி ஓர் ஊரையும் கொடுத்திருக்கிறான். இங்கே சூப்பில் இறால், சட்னியில் இறால், அப்பத்துக்கு உள்ளே இறால், மேலே தூவவும் இறால்.

போன வாரம் இங்கே நம் பள்ளிவாசலில் கந்தூரி விருந்து நடந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை ஆதியிலிருந்து சொன்னால்தான், கிழக்கே பார்த்துக் கப்பலேறிய இந்தத் துணிக்கடைக்காரன் ஒரு தட்டுச் சோற்றுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணுகிறான் என்று உங்களுக்குப் புரியும்.

2

என் மனைவி ஹலிமா இந்த ஊர்க்காரி. கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் முடிந்து, என்னோடு குடித்தனம் நடத்தியே தமிழ் கற்றுக்கொண்டாள். அவள் தமிழில் மரியாதைக்குக் கணக்கு கிடையாது. "நீங்க வா, நீங்க உக்காரு" என்பாள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். இப்போது வேறு யாராவது "நீங்க வாங்க" என்றால்தான் எனக்கு அந்நியமாகப் படுகிறது.

யூசுப் அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயது. ஆற்று இறால் நல்லதாகக் கிடைத்ததென்று ஹலிமா ஆணம் வைத்திருந்தாள். சோற்றில் பிசைந்து அவனுக்கு ஒரு வாய் ஊட்டினாள். நான் கைகழுவி எழுந்திருப்பதற்குள் பிள்ளையின் உதடு வீங்கிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதை நான் எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்த நம் ஊர் மாமி ஓடி வந்து, "கண்ணூறு தம்பி, கண்ணூறு! புள்ள மொகத்தப் பாரு!" என்று மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டுவிட்டார். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு மிளகாய்ப் புகை! நான் திகைத்து நின்றேன். ஹலிமா நிற்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் தெருவில் இறங்கி, போகிற ரிக்ஷாவை மறித்து ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பிரெஞ்சு டாக்டர் ஊசி போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கியது. பிறகு அவர், "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"இறால் சோறு, தொக்தேர்."

"இனி இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் இறால் சாப்பிடக் கூடாது" என்று சொல்லி, இந்த நோய்க்கு ஒரு நீளமான பெயரையும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளையும் இறால் தலையைச் சப்பும் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முசியே, உங்கள் ஊர் இங்கே இல்லை. பிள்ளை இங்கே இருக்கிறான்" என்றார்.

3

அன்றோடு எங்கள் வீட்டிலிருந்து இறால் வெளியேறியது. ஹலிமா தன் தாய்வீட்டுச் சீதனமாக வைத்திருந்த இறால் விழுது ஜாடியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். சட்டி, அகப்பை, அம்மிக்கல் எல்லாம் புதிது. அம்மிக்கல்லுக்காக அழுதாள். ஜாடிக்காக அழவில்லை.

எனக்கு இறால் என்றால் உயிர். இதை ஒளிப்பானேன்? சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு நடக்கும்போது, தெருவோர அடுப்புகளில் வறுபடுகிற வாசனை வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கும். நான் சந்தைப் பக்கம் பாராமல், பிரெஞ்சுக்காரர்களின் காப்பிக் கடைகள் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு போவேன். அதிக தூரம். ஆனால் அங்கே ரொட்டி வாசனை மட்டும்தான். ஹலிமா கேலி செய்வாள்: "நீங்க கோழையா? இறால் பாத்து ஓடு?" ஆமாம் தாயே, ஓடுகிறேன்.

பிள்ளைகள் பொதுவாக உம்மா என்றும் வாப்பா என்றும்தான் பேச ஆரம்பிப்பார்கள். யூசுபும் அப்படித்தான். ஆனால் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் என்ன தெரியுமா? எதிர்ச்சாரியில் தோள்காவடி இறக்கி வைத்துச் சூப் விற்கிற கிழவியிடம் போய், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "கோ தோம் கோம்?" என்றான். இதில் இறால் இருக்கிறதா என்று அர்த்தம். இந்த ஊர்க்காரர்களின் அன்னாமிய மொழி. ஹலிமா ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக் கேட்டு அவன் காதில் விழுந்த வாக்கியம் அது.

கிழவி சிரிக்கவில்லை. பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல, "இருக்கிறது, தொடாதே. அந்த வெள்ளைப் புட்டில் இல்லை, வெல்லமும் தேங்காயும்தான்" என்று பதில் சொன்னாள். அவன் புட்டைச் சுட்டிக் காட்டினான்.

அப்போது எனக்கு வருத்தம்தான். பிள்ளை தமிழில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! இப்போதும் கனவில் உளறினால் அன்னாமிய மொழியில்தான் உளறுகிறான். என்னிடம் தமிழில் பேசுவான், கணக்கைப் பிரெஞ்சில் போடுவான், கோபம் வந்தால் உம்மாவின் மொழிக்குப் போய்விடுவான். பிள்ளை நம் கையை விட்டுப் போகிறானே என்று பள்ளிவாசலில் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போய், "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்க முடியுமா? கேட்டால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை முடிந்தது. "என்னா, நாங்க மருந்து வெச்சுட்டோம்னு பாக்குறானா?" என்பார்கள். பசிக்கவில்லை என்று பொய் சொல்லலாம். என்ன போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. அது நம் மரியாதை. இங்கே சூப் கிழவியிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அவள் சொல்வாள். என் பிள்ளை பிழைத்துக் கிடப்பது இந்த ஊர்க் கிழவிகளின் வாய்ப்பேச்சால்தான். இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

4

பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையும் ஒன்று இருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே. என் பிள்ளைக்கு இறால் தரக் கூடாது என்றேன். தலைமை மதாம், டாக்டர் சான்று வேண்டும் என்றார். கொண்டுபோனேன். இதில் நகரசபை முத்திரை இல்லையே என்றார். நகரசபைக்குப் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா. காகிதத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"இது தொற்று நோயா?"

"இல்லை."

"அப்படியானால் எதற்கு முத்திரை?"

"பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள்."

"தொற்று நோய்க்கு மட்டும்தான் என்னிடம் முத்திரை இருக்கிறது."

பிறகு அவனே இரங்கி, என் தொப்பியைப் பார்த்து, ஒரு வழி கண்டுபிடித்தான். 'சமய காரணங்களால் இறால் உண்ணாதவர்' என்று எழுதி, ஓங்கி ஒரு முத்திரை குத்திக் கொடுத்தான். நாங்கள் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள். எங்கள் மார்க்கச் சட்டப்படி இறால் தாராளமாகக் கூடும். இதை அந்த மவராசனுக்கு எங்கே போய் விளக்குவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நம்மவர் பிள்ளைகள் யாருக்கும் அங்கே இப்போது இறால் கிடையாது. நாகூர்க்காரர் ஒருவர் என் கடைக்கே வந்து, "எம் மவன் இறால் வேணும்னு அழுவுறான். மார்க்கத்துல கூடாதுன்னு எவரோ எழுதிக் கொடுத்திருக்காராமே, எந்த ஆலிம்சா அது?" என்று கத்தினார். நான் அவருக்குத் துணி விரித்துக் காட்டிக்கொண்டே, "காலம் கெட்டுப்போச்சு நானா" என்றேன்.

5

இனி சகனுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சகன் என்றால் பெரிய வட்டத் தட்டு. விருந்தில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சகனில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். முதலாளியும் சுமைகூலியும் ஒரே சகனில் உட்காருவார்கள். சண்டை போட்ட இரண்டு பேரை ஒரு சகனில் உட்கார வைத்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. ஒருவனைச் சகனில் சேர்க்கவில்லை என்றால் அவன் நம்மில் ஒருவன் இல்லை.

என் பிள்ளையைச் சகனில் எப்படி உட்கார வைப்பேன்? அடுத்த மூன்று பேரின் கையிலும் என்ன ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டது? ஆகவே சின்ன வயதில் தூக்கு வாளியில் வீட்டுச் சோறு. அவன் கொஞ்சம் பெரியவனானதும், கந்தூரிச் சோற்றில் இறால் இல்லையே, நம்மவர்தானே என்று என் மனசு இளகியது.

சைகோனில் நம் விசேஷங்களுக்கெல்லாம் சமைக்கிறவர் சேக்காதி நானா; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். இவரும் நாகூர்க்காரர். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கந்தூரியில் அவரிடம் போய், "நானா, இறால் கிறால் எதுலயும் போடலயே?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"அல்லாவே! நெய்ச்சோத்துக்கும் தால்ச்சாவுக்கும் எவனாச்சும் இறால் போடுவானா? நீ புள்ளய உக்கார வையி தம்பி" என்று என் முதுகில் தட்டினார்.

யூசுபை என் பக்கத்தில், சகனில் உட்கார வைத்தேன். அவனுக்கு ஒரே பெருமை. பருப்புத் தால்ச்சா ஊற்றிய சோற்றில் ஒரு வாய் எடுத்து வைத்தான். மெல்லவில்லை. கையை இழுத்துக்கொண்டான். "வாப்பா, தோம்" என்றான். உதடு அதற்குள் தடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த முறை நான் திகைக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஹலிமாவும் ஓடி வந்தாள். அதே டாக்டர், அதே ஊசி. பிள்ளை பிழைத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பிப் போய் சேக்காதி நானாவைப் பிடித்தேன். தால்ச்சா தாளிப்பில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, "அப்பறம் ருசிக்கு ஒரு கை கூனிப்பொடி" என்றார்.

"கூனியா!"

"ஏன், கூனிக்கு என்னா? நீ இறால்னுதானே கேட்டே?"

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது புரியும். அரிசி அளவு கூட வராத பொடி இறாலை வெயிலில் காயவைத்தால் அது கூனி. அதை எங்கள் ஊரில் யாரும் இறால் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உப்பு, பெருங்காயம் போல அதுவும் ஒரு ருசிப்பொடி. அவ்வளவுதான். என் உம்மாவைக் கேட்டிருந்தாலும், "கூனியெல்லாம் இறாலாவா?" என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தானே கேட்டேன்! ஹலிமா மட்டும் பிறகு சொன்னாள்: "எங்க ஊர்லயும் பெருசு வேற பேரு, பொடி வேற பேரு. நான் ரெண்டும் கேக்கும். நீங்க ஒண்ணு மட்டும் கேட்டு."

அன்றைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று நானாவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஊரே கூடிப் பார்த்தது. அந்தப் பெரிய மனிதர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். கத்தியதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. என் பிள்ளை சாகக் கிடந்தான்.

6

அதற்குப் பிறகு விசேஷங்களுக்கு யூசுப் தனித் தட்டில், சுவரோரமாக, வீட்டுச் சோறு சாப்பிட்டான். மற்ற பிள்ளைகள் சகனைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இறைச்சித் துண்டுக்குச் சண்டை போடுவார்கள். இவன் நிமிர்ந்து பார்ப்பான், குனிந்துகொள்வான். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்: "வாப்பா, நான் பெரிய ஆளானப்புறமும் தனியாத்தான் சாப்பிடணுமா?"

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்" என்றேன். அவன் கையிலிருந்த தூக்கு வாளியை வாங்கிக்கொண்டேன்.

சேக்காதி நானாவோடு எனக்குப் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகையில் ஒரே வரிசையில் நிற்போம், சலாம் கொடுத்ததும் அவர் ஒரு வாசலில் போவார், நான் இன்னொரு வாசலில் போவேன்.

7

போன வாரக் கந்தூரிக்கும் வழக்கம்போலத் தூக்கு வாளியோடுதான் போனோம். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து முற்றத்துக்கு வந்தால், ஆண்கள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டி ஓரம் வரிசையாக நிற்கிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள், வாய் கொப்பளிக்கிறார்கள். என் மச்சானும் நிற்கிறார், அந்த இறால் கேட்ட நாகூர்க்காரரும் நிற்கிறார்.

"என்னாங்க இது?" என்றேன்.

மச்சான் சொன்னார்: "சேக்காதி நானா உத்தரவு. கழுவாதவனுக்குச் சோறு கெடையாதாம். ஒங்க வூட்டு வாசலே தேவல, அங்க குரலாச்சும் சின்னக் குரல்."

சகன்களுக்கு நடுவில் நானா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. யூசுபைப் பார்த்தார்.

"வாங்க சின்ன மொதலாளி. நீங்க ஒண்ணு கேப்பீங்களாமே, அதக் கேளுங்க" என்றார்.

நம்மவர் விருந்தில், சமைத்தவரை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் என்ன போட்டாய் என்று ஒரு பிள்ளை கேட்பதா! யூசுப் என் முகத்தைப் பார்த்தான். அவன் இரண்டடி முன்னால் போய் நின்று, தமிழில் கேட்டான்:

"பெரிய வாப்பா, இறால் இருக்கா? கூனி இருக்கா?"

"இல்ல வாப்பா" என்றார் நானா. பிறகு விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். நெய்ச்சோற்றில் அரிசி, நெய், பட்டை, கிராம்பு, ஏலம், இஞ்சி, பூண்டு. ஆணத்தில் ஆட்டிறைச்சி, தேங்காய்ப்பால், மல்லி, மிளகாய், மஞ்சள். தால்ச்சாவில் பருப்பு, கத்திரிக்காய், மாங்காய், புளி. உப்பைக்கூட விடவில்லை. சட்டி, அகப்பை எல்லாம் புதுசு என்றார். அந்தப் பெரிய குரல் வரவர இறங்கிக்கொண்டே போயிற்று. "அந்தப் பொடிய நான் அன்னியோட தொடறதில்ல வாப்பா. எம் வூட்டுலயும் இல்ல" என்று முடித்தார்.

எனக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. பாவி மனசு. நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மோந்து பார்த்தேன். மசாலா டப்பாக்களை எடுத்து உதறினேன். தாளிப்புக் கரண்டியைத் தடவிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. ஒன்றுமில்லை. நானா சொன்னது அத்தனையும் சரி.

திரும்பி வந்தால், யூசுப் சகனில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு பக்கம் சேக்காதி நானா, மறுபக்கம் மச்சான். நெய்ச்சோறு குவிந்திருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை. நாலாவது இடம் காலியாக இருக்கிறது.

"வாப்பா, வாங்க. உங்களுக்காகத்தான் இருக்கோம்" என்றான் யூசுப்.

நானா இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரில் போய் உட்காரக் குனிந்தேன். சகனை நோக்கிக் கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டை ஒரு சின்னக் கை பிடித்து நிறுத்தியது.

"வாப்பா, நீங்க இப்பத்தான் அடுப்படியில எல்லாத்தையும் தொட்டீங்க" என்றான் என் மகன். "போய்க் கை கழுவிட்டு வாங்க."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். நான் எழுந்து தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். வாயும் கொப்பளித்தேன். வந்து இரண்டு கையையும் அவனிடம் நீட்டிக் காட்டினேன். அவன் மோந்து பார்த்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்றான். நாலு பேரும் கை வைத்தோம்.